கண்ணளவும் கோலளவும்

தெள்ளாறு என்றவுடன் தமிழ் இலக்கியம் பயின்றோர் உள்ளத்தில் ஒரு போர்க்களம் தோன்றும். ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் இவ்விடத்தே பெற்ற வெற்றியினால் 'தெள்ளாறெறிந்த நந்திவர்மன்' என்னும் சிறப்புப் பெயர் பெற்றான். நந்திக் கலம்பகத்தின் பாட்டுடைத் தலைவனும் அவனே. இன்று தெள்ளார் என வழங்கும் அவ்வூர், வந்தவாசியிலிருந்து திண்டிவனம் செல்லும் சாலையில் உள்ளது. அந்த வந்தவாசியிலோ 1760 ஜனவரி 22 அன்று ஆங்கிலத் தளபதி அயர் கூட், பிரெஞ்சுத் தளபதி லாலியை முறியடித்தார். தென்னிந்தியாவில் பிரெஞ்சுக்காரரின் ஆதிக்கக் கனவு அன்றோடு சரிந்தது எனலாம்.

இவ்விரு போர்களைப் பற்றியும் எழுதியோர் பலர். நாம் எழுத முற்பட்டது போரைப் பற்றியன்று, படத்தைப் பற்றி. அதாவது, எண்களைக் கோடாகவும் பட்டையாகவும் வட்டமாகவும் வரைந்து காட்டும் புள்ளிவிவரப் படங்களைப் பற்றி. எனினும் 1760 என்னும் அந்த ஆண்டு, எதிர்பாராத ஓரிடத்தில் மீண்டும் வரவிருக்கிறது. வாசகர்கள் அதனை நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம்.

உறவினர் இல்லத் திருமணம் ஒன்றின் பொருட்டுத் தெள்ளாற்றில் இரு நாட்கள் தங்கியிருந்தோம். மணப்பெண்ணுக்கு ஆரணிப் பட்டு எடுக்க வேண்டும் என்று வீட்டார் விரும்பினர். கடைக்குப் போவதற்கு முன், ஆரணி முதலாளி ஒருவருக்குக் கூலிக்கு நெய்து கொடுக்கும் முதிய நெசவாளர் ஒருவரின் தறியைப் பார்த்துவரச் சென்றோம். தறிக்கு மேலே துளையிட்ட அட்டைகள் மாலை மாலையாகத் தொங்கின. சுவரோரத்தில், கட்டம் போட்ட தாளில் வரைந்த மாங்காய்க் கரை ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. அத்தாளில் கட்டங்களை எண்ணி இழைகளைக் கணக்கிடுவார்கள். கண்ணை நம்பி ஓர் இழைகூடக் கூட்டுவதோ குறைப்பதோ இல்லை.

கொடியில் இரண்டு சேலைகள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்று இளம்பச்சை உடலில் அரக்குக் கரை. மற்றது கருநீல உடலில் மஞ்சள் கரை. எதன் கரை அகலம் என்று வீட்டுப் பெண்களிடையே ஒரு வாக்குவாதம் எழுந்தது. மஞ்சள் கரைதான் அகலம் என்று நாமும் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டோம். நெசவாளர் சிரித்துவிட்டு, “பாய், தனித்தனியாத் தொங்கவிட்டுப் பார்த்தா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவீங்க. விளிம்போட விளிம்பு வெச்சுப் பாருங்க” என்று கூறி, இரண்டையும் இறக்கி, மரப்பலகையின் ஓரத்தில் விளிம்புகள் ஒரே கோட்டில் நிற்குமாறு அடுக்கினார். அரக்குக் கரை ஒரு விரற்கடை மிகுந்து நின்றது. வாக்குவாதம் அத்துடன் தீர்ந்தது.

அன்று மாலையே இதற்கு எதிர்மாறான ஒரு காட்சி. வீட்டுக் கூடத்தில் கிடந்த ஒரு விளம்பரத் துண்டறிக்கையில் இரண்டு நெல் மூட்டைகளின் படம் அச்சாகியிருந்தது. ஒன்று முந்தைய விளைச்சலாம். மற்றொன்று அவர்கள் உரத்தை இட்டபின் வந்த விளைச்சலாம். எண்களை விரலால் மறைத்துக்கொண்டு, பெரிய மூட்டை சிறியதைப்போல் எத்தனை மடங்கு என்று ஒவ்வொருவரிடமும் கேட்டோம். 'இரண்டரை' என்றார் மணப்பெண்ணின் தாயார். 'மூன்று' என்றார் மாமா. 'மூன்றுக்கும் மேல்' என்றார் பட்டதாரியான மருமகன். ஏழாம் வகுப்பில் படிக்கும் சிறுமி ஒருத்தி மட்டும் தன் பெட்டியிலிருந்து அடிக்கோலை எடுத்து வந்து இரு மூட்டைகளின் உயரத்தையும் அளந்து, 'இரண்டு' என்றாள். விரலை எடுத்துப் பார்த்தால் அச்சாகியிருந்த எண்ணும் இருமடங்கே.

துண்டறிக்கையில் பொய் எண் ஏதும் இல்லை. வரைந்தவர், உயரத்தை இருமடங்காக்கும்போது அகலத்தையும் இருமடங்காக்கிவிட்டார். ஆகவே தாளில் பெரிய மூட்டை நான்கு மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டது. அதையே நிஜ மூட்டையாக எண்ணினால் எட்டு மடங்கு நெல் கொள்ளும். எண் ஒன்றைச் சொல்ல, படம் வேறொன்றைச் சொல்லிற்று. கற்றவரும் கல்லாதவரும் படத்தையே நம்பினர். நாமும்தான்.

முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். தமிழகக் கோயிற் சுவர்கள் சிலவற்றில், அவ்வூரில் நிலம் அளந்த கோலின் நீளத்தைக் கல்லில் வெட்டி வைத்திருப்பதை இன்றும் காணலாம். எவருடைய கோல் குறை, எவருடையது மிகை என்ற வழக்கு வந்தால், கோலைக் கொண்டுவந்து கல்லின் மேல் பொருத்திப் பார்த்தால் போதும். நீளத்தைப் பொறுத்தவரை வழக்கு அங்கேயே முடியும். தானியத்தை அளக்கும் மரக்காலோ அப்படியன்று. தலை தட்டி அளப்பதா, கோபுரமாகக் குவித்து அளப்பதா என்று ஒப்பந்தத்திலேயே பேசிக்கொள்ள வேண்டியிருந்தது. குவியலில் எவ்வளவு கூடுதல் என்பதைக் கண்ணால் சொல்ல இயலாது என்பது களத்து மேட்டில் நின்ற எல்லாருக்கும் தெரியும். அளவையில் மோசம் செய்வோரைக் கண்டித்து அவர்கள் பெயராலேயே ஓர் அத்தியாயம் குர்ஆனில் அமைந்திருப்பதை நம் வாசகர்கள் அறிவர். களத்து மேட்டு வழக்கு இன்று பத்திரிகைத் தாளுக்கும் தொலைக்காட்சித் திரைக்கும் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே.

கண் எவ்வாறு அளவிடுகிறது என்னும் வினாவை முறைப்படி எழுப்பிய பேரறிஞர்களுள் முன்வரிசையில் நிற்பவர் இப்னு அல்ஹைதம். ஹிஜ்ரி 354ஐ ஒட்டி, அதாவது கி.பி. 965 வாக்கில், பஸராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து, 1040 வாக்கில் மறைந்தவர். 'கிதாபுல் மனாளிர்' என்னும் அவரது ஒளியியல் நூல் ஏழு பாகங்களைக் கொண்டது. அது இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, 1572ல் பாஸல் நகரில் அச்சேறி, ஐரோப்பிய அறிஞர்களுக்குப் பாடநூல் போலவே விளங்கிற்று. அவரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒளி நேர்கோட்டில் செல்வதையும் இருட்டறைச் சோதனையையும் கூறி நிறுத்திவிடுகின்றனர். நம் பொருளுக்கு வேண்டுவது வேறு பகுதி.

ஒரு பொருளின் பருமனைக் கண் தன்னில் விழும் கோணத்தைக் கொண்டு மட்டும் அறிவதில்லை. அப்பொருள் எவ்வளவு தொலைவில் உள்ளது என்று உள்ளம் செய்யும் கணிப்பையும் சேர்த்தே அறிகிறது என்பது அவர் துணிபு. அத்தொலைவை எப்படிக் கணிக்கிறோம்? நமக்கும் அப்பொருளுக்கும் இடையே தொடர்ச்சியாகக் கிடக்கும் தரையைக் கொண்டு. சிறு வயது முதல் காலடியாலும் கைந்நீளத்தாலும் நாம் அளந்து பழகிய தரை அது. இடையிலுள்ள தரை மறைந்துவிட்டால் கணிப்புத் தவறுகிறது. அடிவானத்து நிலவு உச்சி வானத்து நிலவைக் காட்டிலும் பெரிதாகத் தோன்றுவதையும் அவர் இவ்வழியிலேயே ஆராய்ந்தார். ஒரு கணத்தில் கண்டு கொள்வது வேறு, நிறுத்தி நிதானித்துக் காண்பது வேறு என்று அவர் பிரித்ததும் கருதத்தக்கது. பார்வையின் பிழைகளுக்கென்றே தம் நூலின் மூன்றாம் பாகத்தை ஒதுக்கினார். அவர் காலத்தில் புள்ளிவிவரப் படங்கள் இல்லை; அவற்றைப் பற்றி அவர் ஏதும் சொன்னதாகக் கூறுவது நமக்குப் பெருமையுமன்று. ஆனால் ஒப்பிடுவதற்குப் பொதுவான ஒரு தரை வேண்டும் என்னும் கருத்தை அவரிடம் காண்கிறோம். நெசவாளர் மரப்பலகையின் ஓரத்தில் செய்ததும் அதுவே அன்றோ!

எண்களைப் படமாக்கும் கலை பிறந்தது இன்னும் எழுநூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரின் கையில். வில்லியம் பிளேஃபேர் (1759-1823) நீராவி இயந்திரப் புகழ் ஜேம்ஸ் வாட்டிடம் படம் வரைபவராகப் பணிபுரிந்தவர். பின்னர்ப் பல தொழில்களில் இறங்கி, பலவற்றிலும் நொடித்தவர். 1786ல் இங்கிலாந்தின் வாணிபத்தைப் படங்களால் விளக்கும் நூல் ஒன்றை வெளியிட்டார். அதிலிருந்த 44 படங்களில் 43, ஆண்டுகளைக் கிடையாகவும் பணத்தைச் செங்குத்தாகவும் கொண்ட கோட்டு வரைபடங்கள். எஞ்சிய ஒன்று, ஸ்காட்லாந்து ஓராண்டில் 17 நாடுகளோடு நடத்திய வாணிபத்தைக் காட்டும் பட்டைப் படம். பல ஆண்டுக் கணக்குக் கிடைக்காமையால் வேறு வழியின்றி வரைந்த அதனை அவர் தம் படங்களுள் தாழ்ந்ததாகவே கருதினார். ஒரே கோட்டிலிருந்து கிளம்பும் பட்டைகளே கண்ணுக்கு மிக உகந்தவை என்பது பிற்காலத்தில் மெய்ப்பிக்கப்பட்டது. தன் கையில் கிடைத்தது மாணிக்கம் என்பதை அவர் அறியவில்லை.

அந்நூலின் படங்களுள் ஒன்று நம் கடற்கரையோடு தொடர்புடையது. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்து கிழக்கிந்தியப் பகுதிகளிலிருந்து வாங்கிய சரக்கின் மதிப்பை ஒரு வளைகோடாகவும், அங்கு அனுப்பிய சரக்கின் மதிப்பை மற்றொரு வளைகோடாகவும் பிளேஃபேர் வரைந்தார். இந்தியத் தறிகளில் நெய்த துணிகளும் அக்கணக்கில் அடங்கும். இரு கோடுகளுக்கும் இடையிலுள்ள வெளியே வாணிப மிச்சம். அதனைக் கண்ணால் கண்டாலே போதும் என்பது அவர் கருத்து. 1760ஐ ஒட்டிய ஆண்டுகளில், அதாவது வந்தவாசிப் போரையும் அதனைத் தொடர்ந்து 1761ல் புதுச்சேரி வீழ்ந்ததையும் அடுத்து, இரு கோடுகளும் செங்குத்தாக மேலேறுகின்றன. படத்தைப் பார்ப்பவருக்கு, இரண்டும் சேர்ந்தே ஏறின, இடைவெளி ஏறத்தாழ அப்படியே இருந்தது என்றுதான் தோன்றும்.

உண்மை அதுவன்று. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, அந்த மிச்சத்தை மட்டும் தனிக்கோடாக வரைந்தால், 1760க்குப் பின் அது திடீரென்று உயர்ந்து விரைவிலேயே இறங்குவது தெரிகிறது. கண்ணெதிரே இருந்தும் கண்ணில் படாத ஒரு மேடு! இதனை 1984ல் சுட்டிக்காட்டியவர்கள் வில்லியம் கிளீவ்லண்ட், ராபர்ட் மெக்கில் என்னும் இரு அமெரிக்கப் புள்ளியியலாளர்கள். படம் வெளிவந்து 198 ஆண்டுகள் கழிந்திருந்தன.

காரணத்தை விளக்க ஆரணிச் சேலையே போதும். இரு பக்கமும் ஜரிகைக் கரையுள்ள சேலையைக் கிடையாக விரித்துப் பிடியுங்கள். மேல் கரைக்கும் கீழ்க் கரைக்கும் உள்ள செங்குத்துத் தொலைவு சேலையின் அகலமே. இப்போது அதனைச் சாய்வாகப் பிடியுங்கள். ஓரிடத்தில் நின்று நேர் கீழாக ஒரு தூக்குநூலை விட்டால், மேல் கரையிலிருந்து கீழ்க் கரையை அடைய அந்நூல் முன்னைவிட நீண்ட வழி செல்ல வேண்டும். சாய்வு மிக மிக அத்தொலைவும் மிகும். ஆனால் பார்க்கும் கண், 'அதே சேலை, அதே அகலம்' என்றே சொல்லும். ஏனெனில் அது இரு கரைகளுக்கும் இடையிலுள்ள மிகக் குறுகிய வழியையே அளக்கிறது. வாணிபக் கணக்கோ தூக்குநூலின் வழியில் இருக்கிறது. கோடுகள் செங்குத்தாக ஏறிய ஆண்டுகளில்தான் கண் ஏமாந்தது. அவ்வாண்டுகளே நம் நாட்டின் தலைவிதி மாறிய ஆண்டுகளாகவும் அமைந்தன. வந்தவாசி வெற்றியே அந்த மேட்டை எழுப்பிற்று என்று கூற நாம் முன்வரவில்லை. அதற்குக் கம்பெனியின் கணக்கேடுகளைப் புரட்ட வேண்டும். ஆயினும் அப்படி ஒரு வினாவை எழுப்ப வேண்டியவர்களிடமிருந்தே படம் அதனை மறைத்துவிட்டது என்பது உறுதி.

பிளேஃபேர் 1801ல் மற்றொரு நூலை வெளியிட்டார். ஐரோப்பிய அரசுகளின் வலிமையைப் படமாகக் காட்டும் அந்நூலின் முகப்பிலேயே, இந்துஸ்தானத்தின் ஆளும் அரசுகளுக்கும் அத்தகைய படம் சேர்க்கப்பட்டுள்ளதாக அறிவித்திருந்தார். ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் ஷஹீதான 1799க்கு இரண்டே ஆண்டுகள் பிந்திய வெளியீடு அது என்பதை எண்ணும்போது, இந்துஸ்தானத்தின் கணக்கை லண்டன் வாசகர்கள் ஏன் விரும்பினர் என்பது விளங்கும். இம்முறை அவர் கையாண்டவை வட்டங்கள். நாட்டின் பரப்புக்கேற்ப வட்டத்தின் பரப்பு. இடப்பக்கம் மக்கள் தொகைக்கு ஒரு கோடு, வலப்பக்கம் வருவாய்க்கு ஒரு கோடு. இரண்டின் உச்சிகளையும் இணைக்கும் புள்ளிக்கோடு எப்பக்கம் சாய்கிறதோ அதைக் கொண்டு வரிச்சுமையை உணரலாமாம். வட்டம் பெரிதாயின் அதே வேறுபாட்டுக்குச் சாய்வு குறையும் என்பதை அவர் கருதவில்லை போலும். துருக்கிய உதுமானியப் பேரரசின் நிலம் ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் எவ்வெவ்வளவு என்று காட்ட, ஒரு வட்டத்தைத் துண்டுகளாகப் பகுத்து வண்ணம் தீட்டினார். இன்று எல்லாப் பாடநூல்களிலும் காணும் வட்ட விளக்கப்படத்தின் மூதாதை அதுவே. கிலாஃபத்தின் ஆட்சிநிலமே முதன்முதலில் அப்படிக் கூறுபோடப்பட்டது என்பது ஒரு விசித்திரம்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கலை பெருகிற்று. பிரெஞ்சுப் பொறியாளர் மினார்ட் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது (1861-65) ஐரோப்பாவுக்கு வந்த பருத்தியை உலகப் படத்தில் பட்டைகளாக வரைந்தார். 1858ல் அமெரிக்காவிலிருந்து கிளம்பும் பட்டை ஆறு போல அகன்றிருக்கிறது. 1864லும் 1865லும் அது சுருங்கி, இந்தியாவிலிருந்து கிளம்பும் பட்டை பருத்துவிடுகிறது. பட்டையின் அகலம் பருத்தியின் அளவுக்குக் கணக்காக ஒத்தது. அதற்கு வழிவிட வேண்டிக் கடல்களையும் கரைகளையும் அவர் சற்றே வளைத்துக்கொண்டார். எண்ணுக்காக நிலத்தைத் திருத்தலாம், நிலத்துக்காக எண்ணைத் திருத்தலாகாது என்பது அவர் கொள்கை போலும்! நமக்கு மிகவும் பிடித்த படங்களுள் அது ஒன்று.

இனி, கண்ணையே பரிசோதித்தவர்களிடம் வருவோம். லைப்சிக் நகரப் பேராசிரியர் வேபர் 1834ல் ஒன்றைக் கண்டார். இரு எடைகளின் வேறுபாட்டைக் கை உணர வேண்டுமாயின், அவ்வேறுபாடு மொத்த எடையில் ஒரு குறிப்பிட்ட பங்காக இருக்க வேண்டும். சிறு சுமையில் சிறு வேறுபாடும் தெரியும். பெருஞ்சுமையில் அதே வேறுபாடு தெரியாது. பிற்காலத்தில் நீளத்துக்கும் ஒளிக்கும் இவ்விதியைப் பொருத்திப் பார்த்தனர். அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன்ஸ் 1957ல் வெளியிட்ட விதி இன்னும் தெளிவானது: நீளத்தைக் கண் ஏறத்தாழ உள்ளபடியே உணர்கிறது, பரப்பைக் குறைத்தே உணர்கிறது. நான்கு மடங்கு பரப்புடைய உருவம் பார்வைக்குச் சுமார் இரண்டரை மடங்கு போலத் தோன்றும். தெள்ளாற்றுக் கூடத்தில் 'இரண்டரை', 'மூன்று' என்று விடைகள் வந்ததற்குக் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா? இருமடங்கு விளைச்சலை நான்கு மடங்கு இடத்தில் வரைந்தனர். கண் அதைக் கொஞ்சம் குறைத்து வாங்கிக்கொண்டது. அப்படியும் உண்மையை விட மிகுதியே எஞ்சிற்று.

மேலே குறித்த கிளீவ்லண்டும் மெக்கில்லும் பெல் ஆய்வுக்கூடத்தில் நடத்திய சோதனைகள் எளியவை. இரு பட்டைகளையோ வட்டத்தின் இரு துண்டுகளையோ காட்டி, சிறியது பெரியதில் எத்தனை சதவிகிதம் என்று கேட்டனர். அடிக்கோல் வைத்து அளக்காமல் கண்ணோட்டத்தில் சொல்ல வேண்டும். ஐம்பது பேருக்குச் சற்று மேற்பட்டோர் கலந்துகொண்டனர். தொழில்நுட்பப் பயிற்சியுடையோர் ஒரு சாரார். மற்றொரு சாரார் பெரும்பாலும் இல்லத்தரசியர். இந்தக் கலை கற்றோரின் தனிச் சொத்தன்று என்பதை அவ்வறிஞர்கள் உணர்ந்திருந்தனர் என்பது நமக்கு மகிழ்ச்சி தருகிறது. அவர்கள் கண்ட முடிவு இதுதான்: ஒரே கோட்டில் அடி ஊன்றி நிற்கும் பட்டைகளின் உச்சிகளை ஒப்பிடும்போது பிழை மிகக் குறைவு. அடித்தளம் வேறுவேறாக அமைந்த பட்டைகளின் நீளத்தை ஒப்பிடும்போது பிழை 1.4 முதல் 2.5 மடங்கு வரை மிகுகிறது. வட்டத் துண்டுகளின் கோணத்தை ஒப்பிடும்போது ஏறத்தாழ இருமடங்காகிறது. பரப்பு அதற்கும் கீழ். கன அளவு இன்னும் கீழ். நிறத்தின் அடர்த்தி யாவற்றிலும் கடை என்று தரவரிசை அமைத்தனர். 2010ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஹீர், பாஸ்டாக் இருவரும் இணையத்தின் வழியே திரட்டிய மக்களிடம் இச்சோதனையை மீண்டும் செய்தனர்; முடிவு பெரிதும் ஒத்தே வந்தது.

விளிம்போடு விளிம்பு வைத்துப் பார்க்கச் சொன்ன நெசவாளர் இவற்றுள் ஒன்றையும் படித்தவரல்லர்.

இவ்வளவும் ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ணுவோருக்கு அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்றை நினைவூட்டுவோம். 2001ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் சமயவாரி விவரங்கள் 2004 செப்டம்பரில் வெளியாயின. முந்தைய பத்தாண்டில் முஸ்லிம்களின் வளர்ச்சி 36 சதவிகிதம் என்னும் எண் செய்தித்தாள்களில் கொட்டை எழுத்தில் வந்தது. பட்டைகள் வரையப்பட்டன; அறிக்கைகள் பறந்தன. உண்மை யாதெனில், 1991ல் ஜம்மு காஷ்மீரில் கணக்கெடுப்பே நடைபெறவில்லை, 2001ல் நடைபெற்றது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஒரு மாநிலம் முதற் பட்டையில் இல்லை, இரண்டாம் பட்டையில் இருக்கிறது. இரு பட்டைகளும் ஒரே தளத்தில் நிற்கவில்லை. கணக்கைச் சரிசெய்தபோது வளர்ச்சி 29 சதவிகிதத்துக்குச் சற்று மேல் என்றாயிற்று. அதுவும் அதற்கு முந்தைய பத்தாண்டை விடக் குறைவு. திருத்தம் சில நாட்களிலேயே வந்துவிட்டது. முதலில் கண்ட பட்டை எத்தனை பேர் கண்ணிலிருந்து இறங்கியது என்பது வேறு செய்தி.

2011 கணக்கெடுப்பின் சமயவாரி எண்கள் 2015 ஆகஸ்டில் வெளிவந்தன. பத்தாண்டு வளர்ச்சி இந்துக்களிடையே 16.8 சதவிகிதம், முஸ்லிம்களிடையே 24.6. இரு சமூகத்தாரிடமும் முன்னைவிடக் குறைவு. இவ்விரு எண்களைப் பட்டைகளாகச் சுழியிலிருந்து வரைந்தால், இரண்டாவது முதலாவதைப்போல் ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். அதே படத்தின் அடித்தளத்தைச் சுழியில் வைக்காமல் 15ல் வைத்து வரைந்து பாருங்கள். முதற்பட்டைக்கு 1.8 பங்கு உயரம், இரண்டாவதற்கு 9.6 பங்கு. ஐந்து மடங்குக்கும் மேல்! எண் ஒன்றும் மாறவில்லை. பட்டையின் அடியை யாரோ அறுத்தெடுத்துவிட்டனர். மரக்காலின் அடியில் மெழுகு வைப்பதைப் பற்றி நம் பாட்டிமார் சொல்லும் கதைக்கும் இதற்கும் வேறுபாடு சிறிதே.

இனி அதே கணக்கெடுப்பிலிருந்து வேறு எண்களை எடுப்போம். அப்பத்தாண்டில் இந்துக்கள் 82.76 கோடியிலிருந்து 96.63 கோடியாயினர், முஸ்லிம்கள் 13.82 கோடியிலிருந்து 17.22 கோடியாயினர். பெருகிய தலைகளை மட்டும் பட்டையாக வரைந்தால் 13.87 கோடிக்கு எதிரே 3.4 கோடி, முன்னர் உயர்ந்து நின்ற பட்டை இப்போது நான்கில் ஒரு பங்காகக் குறுகிவிடுகிறது. எது மெய்ப்படம்? இரண்டும் மெய்யே. வளர்ச்சியின் வேகத்தை அறிய விரும்புவோருக்கு ஒன்று, மக்களின் எண்ணிக்கையை அறிய விரும்புவோருக்கு மற்றொன்று. ஒன்றைக் காட்டி மற்றொன்றைச் சொல்ல முற்படும்போதுதான் வம்பு பிறக்கிறது. பிறர் செய்யும்போது மட்டும் இது நம் கண்ணில் படுவதும் உண்டு. நம்மவர் நடத்தும் கல்வி நிலையங்களின் ஆண்டு மலர்களிலும், அடித்தளம் அறுக்கப்பட்ட தேர்ச்சிப் பட்டைகளை நாம் பார்த்திருக்கிறோம், கைதட்டியும் இருக்கிறோம்.

தெள்ளாற்றிலிருந்து புறப்படும் நாளன்று, அடிக்கோல் வைத்திருந்த அந்தச் சிறுமியிடம் மேற்கண்ட நான்கு எண்களையும் கொடுத்து ஒரே கோட்டில் பட்டைகளாக வரையச் சொன்னோம். ஒரு சென்டிமீட்டருக்கு 4 கோடி என்று அவளே அளவு வைத்துக்கொண்டாள். முஸ்லிம்களின் பட்டைகள் மூன்றரையும் நாலேகாலுமாக எளிதில் அமைந்தன. இந்துக்களின் 2001ஆம் ஆண்டுப் பட்டை ஏறத்தாழ இருபத்தொரு சென்டிமீட்டர். நோட்டுப் புத்தகத்தின் தாளில் மேல் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. அடுத்த பட்டைக்கு இடமில்லை. 'அளவைச் சுருக்கிக்கொள்ளலாமே, அல்லது அடியில் கொஞ்சம் விட்டுவிடலாமே' என்று அருகிலிருந்த மருமகன் யோசனை கூறினார். அவள் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, பழைய நாட்காட்டியிலிருந்து ஒரு துண்டு கிழித்து, தாளின் தலையில் சோற்றுப் பருக்கையால் ஒட்டிக்கொண்டு, பட்டையை இருபத்து நான்கு சென்டிமீட்டர் வரை இழுத்து முடித்தாள்.